பாக்கெட் மணி கம்மியா? காட்டன்ல கலக்குங்க!



போன வாரம் சாத்தூர் பக்கத்துல இருந்து ஒரு செகண்ட் இயர் தோழி எழுதியிருந்தாங்க. "மேடம், நீங்க வாராவாரம் டிரெஸ் பத்தி எழுதுறீங்க. படிக்க ஜோராத்தான் இருக்கு. ஆனா எங்க வீட்டுல வருஷத்துக்கு ரெண்டு தடவைதான் துணி எடுப்பாங்க. அம்மா பட்டாசு ஆபீஸ் போறாங்க. எங்களை மாதிரி ஆளுங்களுக்கும் ஃபேஷன் உண்டா?"

உண்டு தாயி, தாராளமா உண்டு! இந்த வாரம் முழுக்க விருதுநகர், சிவகாசி, சாத்தூர் பக்கத்துப் பொண்ணுங்களுக்குத்தான். மத்த ஊர்க்காரங்க கோவிச்சுக்காம படிங்க, உங்களுக்கும் மேட்டர் இருக்கு.

முதல்ல ஒரு வேடிக்கை. ஊரு உலகத்துல இருக்கிற ஜவுளிக்கடைக்கெல்லாம் காலண்டர் அச்சடிச்சுக் கொடுக்கிறது சிவகாசி. பட்டு கட்டி, நகை போட்டு, தலைநிறைய பூ வெச்சுக்கிட்டு சிரிக்கிற அத்தனை அழகிகளும் நம்ம ஊரு மெஷின்ல உருண்டு வந்தவங்கதான். அதைக் கட்டுக் கட்டா அடுக்கிக் கொடுக்கிற நம்ம பொண்ணு மட்டும் "எனக்கெல்லாம் ஃபேஷன் ஒத்து வராது"ன்னு சொன்னா எப்படி?

பணம் வர்ற நேரம் வேற, தள்ளுபடி வர்ற நேரம் வேற

நம்ம ஏரியாவுல துணி எடுக்கிறதுக்குத் தனிக் காலண்டர் இருக்கு. ஒண்ணு தீபாவளி போனஸ். இன்னொண்ணு பங்குனிப் பொங்கல். விருதுநகர்ல பராசக்தி மாரியம்மன் கோவில் பொங்கலுக்குப் புதுத்துணி இல்லாத வீடே இருக்காது.

சிக்கல் எங்கே தெரியுமா? ஆடித் தள்ளுபடி போடறப்ப கையில காசு இருக்காது. போனஸ் கைக்கு வர்றப்ப கடையில தள்ளுபடி இருக்காது, தள்ளுமுள்ளுதான் இருக்கும். பத்து நாளைக்குள்ள எடுத்தாகணும், தெச்சாகணும். அவசரத்துல எடுத்த துணியைத்தான் "ஏன்டா எடுத்தோம்"னு வருஷம் பூரா பார்த்துப் புலம்புறோம்.

இதுல போனஸும் எல்லா வருஷமும் ஒரே மாதிரி வர்றதில்லை. 2018 அக்டோபர் 23-ம் தேதி சுப்ரீம் கோர்ட் சரவெடிக்கும் பேரியம் சேர்த்த பட்டாசுக்கும் தடை போட்டு, பசுமைப் பட்டாசுதான் செய்யணும்னு சொன்னப்புறம், பல மாசம் ஆபீஸ்கள் பூட்டிக் கிடந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அந்தப் பங்குனியில எத்தனையோ வீட்டுல பழைய துணிதான். அதனால "போனஸ் வரட்டும், பார்த்துக்கலாம்"ங்கிற பேச்சை முதல்ல விடுங்க.

நான் சொல்ற வழி சிம்பிள். ஃப்ரெண்ட்ஸ் பத்துப் பேர் சேர்ந்து மாசம் 100 ரூபாய் சீட்டு போடுங்க. மாசம் ஒருத்தருக்கு 1,000 ரூபாய். ஆடி மாசத்து முறையை யார் எடுக்கிறதுன்னு சண்டை வரும், அதுக்குக் குலுக்கல் போட்டுக்குங்க! சீட்டுல நம்பிக்கை இல்லைன்னா ஒரு டப்பா போதும். தீபாவளிக்கு ஒரு செட் மட்டும் எடுத்துட்டு, மிச்சத்தை அடுத்த ஆடிக்கு ஒதுக்கி வைங்க. கூட்டம் இல்லாத கடையில துணியைத் திருப்பிப் பார்த்து, கசக்கிப் பார்த்து, வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்து எடுக்கிற சுகமே தனி.

ஏன் காட்டன்?

இப்போ நிஜமான விஷயத்துக்கு வர்றேன். கொஞ்சம் சீரியஸா படிங்க.

பாலியஸ்டர், நைலான், ஜார்ஜெட் எல்லாம் பளபளன்னு இருக்கும், அயர்ன் வேண்டாம், விலையும் கம்மி. எல்லாம் சரி. ராத்திரி லைட்டை அணைச்சுட்டு அந்த மாதிரி டாப்ஸைக் கழட்டியிருக்கீங்களா? சடசடன்னு சத்தம் வரும். சில சமயம் பொடிப்பொடியா ஒளி தெரியும். உங்க ஃபிசிக்ஸ் லெக்சரர் போர்டுல எழுதிப் போட்ட ஸ்டாடிக் எலெக்ட்ரிசிட்டி அதுதான். துணி உடம்புல உரசும்போது மின்னேற்றம் சேருது. செயற்கை இழை ஈரத்தை உறிஞ்சாது, அதனால அந்த மின்னேற்றம் வெளியேற வழியில்லாம தங்கிடும். காட்டன் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சிக்கும். அந்த ஈரம் வழியா மின்னேற்றம் கசிஞ்சு போயிடும்.

ஹாஸ்டல் ரூம்ல அந்தப் பொறி வெறும் தமாஷ். பட்டாசு ஆபீஸ்ல? வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பவுடர் கலந்த மருந்துக்கு அவ்வளவு பெரிய நெருப்பெல்லாம் வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத பொறியே போதும். நைலான், பாலியஸ்டர் கட்டிக்கிட்டு உள்ளே வரக்கூடாது, காட்டன்தான் உடுத்தணும்ங்கிறது பட்டாசு ஆபீஸ்களோட அடிப்படைப் பாதுகாப்பு விதி. இதுல இன்னொரு வில்லங்கமும் உண்டு. மழை கம்மி, காத்துல ஈரம் கம்மிங்கிறதாலதான் தீப்பெட்டியும் பட்டாசும் இந்த ஊருக்கு வந்துச்சு. அதே வறண்ட காத்துதான் துணியில மின்சாரத்தையும் சேர்த்து வைக்குது.

"அது அம்மாவுக்குத்தானே, எனக்கென்ன?"ன்னு கேட்காதீங்க. லீவுல, சனி ஞாயித்துல ஃபீஸுக்காக வேலைக்குப் போற காலேஜ் பொண்ணுங்க நம்ம பக்கத்துல நிறைய. (18 வயசு ஆகாத யாரையும் அந்த வேலையில சேர்க்கக் கூடாதுங்கிறது சட்டம், அது வேற.) அப்படிப் போற பொண்ணு காலேஜுக்குப் போட்ட அதே லைக்ரா கலந்த லெக்கிங்ஸ், ஷிஃபான் துப்பட்டாவோட போயிடறா. மேலே காட்டன் சேலை கட்டற அம்மாவும் உள்ளே சாட்டின் பாவாடை கட்டியிருப்பாங்க. உள்பாவாடையும் காட்டனா இருக்கணும், துப்பட்டாவும் காட்டனா இருக்கணும். செருப்புல இரும்பு ஆணி இருக்கக் கூடாது.

2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டியில ஏறக்குறைய 40 பேர் ஒரே நாள்ல போனாங்க. விபத்துக்கு ஆயிரம் காரணம் உண்டு. இட நெருக்கடி, மருந்து கையாளுற விதம், முதலாளி, அதிகாரின்னு பதில் சொல்ல வேண்டியவங்க பட்டியல் பெருசு. பாதுகாப்பு அவங்க பொறுப்புதான், அதைத் தூக்கி நம்ம துப்பட்டா மேல போட வேண்டாம். ஆனா அத்தனையிலயும் நம்ம பீரோவுக்குள்ள நம்ம கையில இருக்கிற விஷயம் ஒண்ணே ஒண்ணுதான். அதை நாம பார்த்துக்குவோமே!

ஒரு எச்சரிக்கை. காட்டன் தீப்பிடிக்காதுன்னு நான் சொல்லலை, பிடிக்கும். பாலியஸ்டர் உருகித் தோல்ல ஒட்டிக்கும், காட்டன் அப்படி ஒட்டாது. அவ்வளவுதான் வித்தியாசம். அதனால தீபாவளி அன்னிக்கு வெடி போடறப்ப துப்பட்டாவைத் தொங்க விடாம இடுப்புல இறுக்கிக் கட்டிக்குங்க.

காட்டனா, டூப்பா?

கடைக்காரர் எல்லாத்தையும் "பியூர் காட்டன்மா"ன்னுதான் சொல்வார். ஓரத்துல ஒரு நூல் உருவிக் கொளுத்திப் பாருங்க. காகிதம் எரியற வாசனை வந்து, ஊதினா பறக்கிற சாம்பல் ஆச்சுன்னா காட்டன். உருகி, ஆறினதும் கெட்டியான மணி மாதிரி உருண்டுச்சுன்னா பாலியஸ்டர். ரெண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருந்தா மிக்ஸிங். ரேயானும் காகிதம் மாதிரியே எரியும், அதுல மட்டும் ஏமாறாதீங்க. ரேயான் நனைஞ்சா தொவண்டு போயிடும்.

நம்ம ஊர்ல தீக்குச்சிக்குப் பஞ்சமில்லை. ஆனா இந்தச் சோதனையை அடுப்படியில, கைப்பிடித் தண்ணியைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு மட்டும் செய்யுங்க. ஆபீஸ் பக்கமோ, வெடிச்சாமான் வெச்சிருக்கிற இடத்துலயோ வேண்டவே வேண்டாம்!

பக்கத்துலயே இருக்கு புதையல்

காட்டனுக்காக ஊரைச் சுத்த வேண்டாம், ஊரே நம்மைச் சுத்தி இருக்கு. அருப்புக்கோட்டை தறி ஊரு. வத்திராயிருப்பு பக்கம் சுந்தரபாண்டியத்துல கைத்தறிச் சேலை நெய்யறாங்க. ராஜபாளையம் நூல் மில்லுக்குப் பேர் போனது. அங்கேயிருந்து சத்திரப்பட்டிக்குப் போனா ஆஸ்பத்திரிக்குக் கட்டுத்துணி நெய்யறாங்க, தளவாய்புரத்துக்குப் போனா நைட்டி தைக்கிறாங்க. காட்டனுக்கு இதைவிட நல்ல அட்ரஸ் வேற எங்கே கிடைக்கும்?

மதுரைக்கு பஸ் ஏறினா சுங்குடி. துணியில முடிச்சு முடிச்சா போட்டு, சாயத்துல முக்கி, அப்புறம் அவிழ்த்தா முடிச்சு இருந்த இடமெல்லாம் புள்ளி. சௌராஷ்டிர மக்களோட கைவேலை, புவிசார் குறியீடு வாங்கின சரக்கு. விலை குறைஞ்ச சுங்குடி பெரும்பாலும் அச்சுப் போட்டது. தொட்டுப் பாருங்க, முடிச்சுப் போட்டதுல புள்ளிகிட்ட சுருக்கம் தெரியும். அச்சு சுங்குடியும் காட்டனா இருந்தா எடுக்கலாம், ஆனா கைவேலை விலை கொடுத்துடாதீங்க.

1935-ல ஆரம்பிச்ச கோ-ஆப்டெக்ஸைப் பாட்டிங்க கடைன்னு ஒதுக்காதீங்க. தீபாவளிச் சமயத்துல 30 சதவீதம் தள்ளுபடி கொடுக்கிறாங்க. போனஸும் தள்ளுபடியும் ஒரே நேரத்துல வர்றது அங்கேதான்!

கொஞ்சம் கணக்கு போடுவோம்

300 ரூபாய்க்கு ஒரு பளபளா டாப்ஸ். ஆறு தடவை துவைச்சதும் நூல் இழுத்து, மணி மணியா உருண்டு போச்சு. ஒரு தடவை போட்டதுக்கு 50 ரூபாய். 600 ரூபாய்க்கு ஒரு காட்டன் குர்த்தி, 60 தடவை போட்டீங்க. ஒரு தடவைக்கு 10 ரூபாய். எது சீப்?

அடுத்த கணக்கு. செட் செட்டா எடுக்காதீங்க. டாப்ஸ் நாலு, பாட்டம் மூணு, துப்பட்டா ரெண்டு. ஒண்ணுக்கொண்ணு சேர்ற கலரா பார்த்து எடுத்தா 4 x 3 x 2, மொத்தம் 24 விதம். மாசத்துல காலேஜ் நாள் அவ்வளவுதானே! பாட்டம் மூணும் கறுப்பு, மெரூன், சந்தனக் கலர்னு பிளெயினா இருக்கட்டும். டாப்ஸ்ல பூ, கோடு, கட்டம்னு விளையாடுங்க. தூய வெள்ளை மட்டும் வேண்டாம். நம்ம பக்கத்து உப்புத் தண்ணிக்கு நாலே துவைப்புல பழுப்பேறிடும். கடுகு மஞ்சள், செங்கல், அவுரி நீலம் எல்லாம் நம்ம மாநிறத்துக்கு அம்சமா இருக்கும், அழுக்கும் தெரியாது.

அம்மா பீரோ

அம்மாவோட பழைய காட்டன் சேலை அஞ்சரை மீட்டர். அதுல ஒரு சல்வார் டாப்ஸும் பாட்டமும் தாராளமா வரும். பார்டரைக் கைக்கும் கீழ் விளிம்புக்கும் வைங்க, முந்தானையை முன்பக்க யோக்குக்கு வைங்க. கடையில இதையே "டிசைனர்"னு சொல்லி விக்கிறாங்க. கிழிஞ்ச இடம் இருந்தா அதை ஒதுக்கி வெட்டச் சொல்லுங்க. அம்மாகிட்ட கேட்டுட்டுச் செய்யுங்க ப்ளீஸ், அந்தச் சேலைக்கு ஒரு கதை இருந்தாலும் இருக்கும்!

புது மெட்டீரியலா இருந்தா தைக்கக் கொடுக்கிறதுக்கு முன்னாடி ராத்திரி முழுக்க தண்ணியில ஊறவெச்சுக் காயப் போடுங்க. காட்டன் சுருங்கும். சுருங்கிட்டு வந்து தையல்ல உட்காரட்டும், தைச்ச பிறகு உங்க மேல சுருங்க வேண்டாம். ஓரத்துல ஒரு இஞ்ச் உள்ளே விட்டுத் தைக்கச் சொல்லுங்க, அடுத்த வருஷம் பிரிச்சுக்கலாம். தெருவுல இருக்கிற டெய்லர் அக்காகிட்ட ஆவணியிலயே கொடுத்துடுங்க. ஐப்பசியில கொடுத்துட்டு "அக்கா, நாளைக்கே வேணும்"னு நின்னா அவங்க அளவையா பார்ப்பாங்க, கடிகாரத்தைத்தான் பார்ப்பாங்க.

கடைசியா என் கருத்து

கிளாஸ்ல யாராவது "என்னடி, இதே டாப்ஸ்தானா மறுபடியும்?"னு கேட்பாங்க. கேட்கட்டும். "ஆமா, பிடிச்சிருக்கு"ன்னு சிரிச்சுட்டே சொல்லுங்க. அதுக்கு மேல அவங்களால ஒண்ணும் கேட்க முடியாது.

1921 செப்டம்பர்ல மதுரையிலதான் காந்தி மேல்சட்டையை விட்டுட்டு முழங்கால் வேட்டிக்கு மாறினார். முழுத்துணி வாங்க வழியில்லாத ஜனங்களுக்கு முன்னாடி தான் மட்டும் முழுசா உடுத்த அவருக்கு மனசு வரலை. கையில இல்லாததை வெச்சு யாரையும் எடை போடக் கூடாதுங்கிறதுக்கு நம்ம பக்கத்துலயே நடந்த பாடம் அது. விருதுநகர்ல பிறந்த காமராஜரும் கதர்ச் சட்டை வேட்டியோடதான் ஒன்பது வருஷம் முதலமைச்சரா இருந்தார். மரியாதை துணியைப் பார்த்தா வந்துச்சு?

அதுக்காக அழுது வடிஞ்சுட்டு வாங்கன்னு சொல்லலை. நல்லா உடுத்தணும்னு ஆசைப்படறது தப்பே இல்லை. நாள் பூரா மருந்துக்கரியோட உட்கார்ந்து சம்பாதிக்கிற காசுல அம்மா உங்களுக்கு ஒரு டிரெஸ் எடுக்கிறதே நீங்க பளிச்சுனு போய் நிக்கணும்னுதான். பளிச்சுனு நில்லுங்க. இந்த தீபாவளிக்கு உங்க துணியோட, அம்மாவுக்கு ஒரு காட்டன் உள்பாவாடையும் சேர்த்து எடுங்க. ரெண்டு தட்டு எண்ணெய் பரோட்டா காசுதான் ஆகும்!

அடுத்த வாரம்: துப்பட்டாவை எத்தனை விதமா போடலாம்? உங்க ஐடியாக்களை எழுதி அனுப்புங்க. பை!