"மதர்போர்டு போச்சு சார்" என்று சொல்வதற்கு முன்னால்...

நீளமான பதிவுதான். வீட்டில் பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள், அதைக் கடைக்குத் தூக்கிப் போவதற்கு முன் ஒருமுறை படித்துவிடுங்கள். கடை வைத்திருப்பவர்களும் படிக்கலாம். கோபம் வரும், ஆனால் படிக்கலாம்.

என்னுடையது 2012-இல் வாங்கிய டெஸ்க்டாப். இன்டெல் கோர் ஐ3, இரண்டாம் தலைமுறை. 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். ஓய்வு பெறும்வரை காலாண்டு, அரையாண்டு வினாத்தாள் எல்லாம் அதில்தான் அடித்தேன். கொஞ்ச நாளாக ஆன் ஆவதற்கே ஐந்து நிமிடம் எடுத்தது. டிஸ்க்கிலிருந்து 'டிக், டிக்' என்று ஒரு சத்தம் வேறு. சத்தம் போடும் டிஸ்க்கை நம்பி ஒரு நாள்கூட வைத்திருக்கக் கூடாது. ஊரில் ஒரு கடையில் கொடுத்து, 256 ஜிபி எஸ்.எஸ்.டி. ஒன்று போட்டு, பழையதில் இருப்பதை அப்படியே நகல் எடுத்துத் தரச் சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து போன்.

"சார், எஸ்.எஸ்.டி. போட்டாச்சு. ஆனா விண்டோஸ் உள்ள போக மாட்டேங்குது, ப்ளூ ஸ்கிரீன் வருது. பழைய டிஸ்க்கையே திரும்பப் போட்டும் பார்த்துட்டோம், அதுலயும் அதே. மதர்போர்டு போச்சு சார். இந்த போர்டு இப்ப வர்றதில்ல. 38,000-க்கு நல்ல செட் இருக்கு. பழசை எக்ஸ்சேஞ்சுல 1,500-க்கு எடுத்துக்கறோம்."

நேரில் போனேன். ஆன் செய்து காட்டினார் அந்தத் தம்பி. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் இரண்டு வரி வந்தது. அதைப் படிக்காமலே எஃப்1 விசையைத் தட்டினார். விண்டோஸ் படம் வந்தது, நீலத் திரை வந்தது, மறுபடி முதலிலிருந்து.

"தம்பி, அந்தக் கறுப்புத் திரையில் என்னமோ எழுதியிருந்ததே, என்ன அது?"

"அது பழைய மெஷின்ல எல்லாம் வரும் சார். எஃப்1 அடிச்சா போயிடும்."

முப்பத்தொரு வருடம் பிள்ளைகளுக்கு நான் சொன்ன ஒரே புத்திமதி: கேள்வியை இரண்டு தடவை படி, அப்புறம் பேனாவைத் திற. கேள்வியைப் படிக்காமல் எழுதுகிறவன் எவ்வளவு அழகாக எழுதினாலும் மார்க் பூஜ்யம்தான். இங்கே மெஷினே தன் வாயால் என்ன கோளாறு என்று சொல்கிறது. கேட்க ஆள் இல்லை.

மறுபடி ஆன் செய்யச் சொல்லி, செல்போனில் படம் எடுத்தேன். "சிமாஸ் செக்சம் எரர், டீஃபால்ட்ஸ் லோடட்" என்று இருந்தது. இதற்குப் பொருள்: என் ஞாபகத்தில் வைத்திருந்த அமைப்புகள் அழிந்துவிட்டன, தொழிற்சாலையில் முதன்முதலில் வைத்த அமைப்பை எடுத்துக்கொண்டேன்.

விஷயம் இவ்வளவுதான். மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் குறைந்த அகலத்தில் ஒரு பட்டன் பேட்டரி இருக்கும். பெயர் சி.ஆர்.2032. 20 என்பது அதன் விட்டம், 20 மில்லிமீட்டர். 32 என்பது கனம், 3.2 மில்லிமீட்டர். மூன்று வோல்ட். மின்சாரம் இல்லாதபோது தேதியையும் பயாஸ் அமைப்புகளையும் காப்பாற்றுவது அதன் வேலை. பத்துப் பன்னிரண்டு வருடத்தில் அது செத்துப்போவது அதிசயமில்லை.

அப்படியானால் இத்தனை நாள் எப்படி ஓடியது? பிளக் சொருகியிருக்கும்வரை, கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும், பவர் சப்ளையிலிருந்து ஐந்து வோல்ட் போர்டுக்கு வந்துகொண்டே இருக்கும். பேட்டரி செத்தது வெளியே தெரியாது. என் வீட்டில் இன்வெர்ட்டர் இருப்பதால் கரண்ட் போனாலும் அந்தப் பெட்டிக்கு மின்சாரம் நின்றதில்லை. கடைக்கு எடுத்துப் போக பிளக்கைப் பிடுங்கிய நிமிடத்தில் ஞாபகம் போயிற்று. டிஸ்க்கைப் படிக்கும் முறை 'ஏ.ஹெச்.சி.ஐ.' என்று இருந்தது, பழைய 'ஐ.டி.இ.' முறைக்கு மாறிவிட்டது. முதல் முறையில் நிறுவிய விண்டோஸ், இரண்டாவது முறையில் தன் டிஸ்க்கைத் தானே கண்டுபிடிக்க முடியாமல் நீலத் திரை காட்டுகிறது. புது டிஸ்க்கிலும் அதே, பழைய டிஸ்க்கிலும் அதே.

இப்போது கடைக்காரரின் தர்க்கத்தைப் பாருங்கள். இரண்டு டிஸ்க்கிலும் வரவில்லை, ஆகவே போர்டு போச்சு. இரண்டு சோதனைக்கும் பொதுவாக இருந்தது போர்டு மட்டுமா? அமைப்புகளும் பொதுதானே? பத்தாம் வகுப்பு ஆய்வகத்தில் ஒரு பையன் இப்படி முடிவு எழுதினால் நோட்டைத் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

பெட்டியை வீட்டுக்கு எடுத்து வந்தேன். மல்ட்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் பேட்டரி இரண்டு வோல்ட்டைக்கூடத் தொடவில்லை. வாட்ச் கடையில் 40 ரூபாய்க்குப் புது பேட்டரி. டெலீட் விசையைத் தட்டி பயாஸுக்குள் போய், தேதியைச் சரிசெய்து, ஐ.டி.இ.-யை ஏ.ஹெச்.சி.ஐ. ஆக்கிச் சேமித்தேன். எஸ்.எஸ்.டி.-யிலிருந்து அரை நிமிடத்துக்குள் விண்டோஸ் திறந்தது. 40 ரூபாய்க்கும் 38,000 ரூபாய்க்கும் நடுவில் இருந்தது, யாரும் படிக்காத இரண்டு வரி.

என் கோபம் பணத்துக்காக மட்டும் இல்லை. நான் போனபோது என் பழைய ஹார்ட் டிஸ்க் ஒரு அட்டைப் பெட்டிக்குள் பத்துப் பதினைந்து டிஸ்க்குகளோடு கிடந்தது. "அதையும் எக்ஸ்சேஞ்சுல சேர்த்துக்கலாம் சார்" என்றார்கள். அதில் என்ன இருக்கிறது தெரியுமா? நான் வகுப்பாசிரியராக இருந்த வருடங்களில் உதவித்தொகைக்காக ஸ்கேன் செய்த சாதிச் சான்றிதழ்கள், வங்கிப் பாஸ்புக் பக்கங்கள், ஆதார் நகல்கள், பெற்றோரின் போன் நம்பர்கள். அழித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தவை. டெலீட் செய்தால் பெயர்ப் பட்டியலிலிருந்துதான் போகும். அதன்மேல் வேறு ஏதாவது எழுதப்படும்வரை தகவல் டிஸ்க்கிலேயே இருக்கும், இலவச மென்பொருள் ஒன்றே தோண்டி எடுத்துவிடும். என்னை நம்பி அந்தப் பிள்ளைகள் கொடுத்த காகிதங்கள், 1,500 ரூபாய்க்குள் ஓர் அட்டைப் பெட்டியில். 2023-இல் தனிநபர் தகவல் பாதுகாப்புக்கு நாடாளுமன்றம் சட்டமே இயற்றியது. நம் ஊர்க் கடை மேஜைக்கு அது இன்னும் வந்து சேரவில்லை. எனக்கும் அன்றுதான் உறைத்தது, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

சரி, டிஸ்க் மாற்றிய பிறகு பழைய பெட்டி கிளம்பவில்லை என்றால் என்ன செய்வது? இந்த வரிசையில் பாருங்கள்:

1. திரையில் வருவதைப் படியுங்கள். வேகமாக ஓடினால் செல்போனில் வீடியோ எடுத்து நிறுத்திப் படியுங்கள்.

2. திரையே வரவில்லை, அல்லது பீப் சத்தம் மட்டும் வருகிறது என்றால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு ரேமைக் கழற்றி மறுபடி அழுத்திப் பொருத்துங்கள். டிஸ்க் மாற்றும்போது கை பட்டு அசைந்திருக்கும்.

3. டிஸ்க்குக்கு இரண்டு கேபிள். ஒன்று மின்சாரத்துக்கு, ஒன்று தகவலுக்கு. இரண்டும் இறுக்கமாக இருக்கிறதா?

4. பயாஸில் புது டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா? தெரியவில்லை என்றால் கேபிளையும் போர்டில் சொருகிய இடத்தையும் மாற்றிப் பாருங்கள். தெரிந்தால், பூட் வரிசையில் அது முதலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

5. ஏ.ஹெச்.சி.ஐ.-யா ஐ.டி.இ.-யா? லெகசியா யு.இ.எஃப்.ஐ.-யா? முன்பு எது இருந்ததோ அதுவே இருக்க வேண்டும்.

6. தேதி பல வருடம் பின்னால் போயிருந்தால் பேட்டரியை மாற்றுங்கள்.

7. நகல் எடுக்கும்போது சி டிரைவை மட்டும் எடுத்து, 'சிஸ்டம் ரிசர்வ்டு' என்ற சிறிய பகுதியை விட்டுவிட்டால் விண்டோஸ் கிளம்பாது. கிளப்பிவிடும் கோப்புகள் அதில்தான் இருக்கும். முழு டிஸ்க்கையும் நகல் எடுக்க வேண்டும்.

இந்த ஏழையும் தாண்டிய பிறகு மதர்போர்டைச் சந்தேகப்படுங்கள். அதுவரை அதன் பெயரைக் கெடுக்காதீர்கள்.

"விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிஞ்சுபோச்சே, இந்தப் பழைய பெட்டியை வைத்து என்ன செய்வது" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டி.பி.எம். 2.0-ம் வேண்டும் என்பது மைக்ரோசாஃப்ட் விதி. என் பெட்டி அதில் தேறாது. பாதுகாப்பு அப்டேட் இல்லாத விண்டோஸில் வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள், அதை நானே சொல்கிறேன். ஆனால் லினக்ஸ் மின்ட் இலவசம். இந்தப் பெட்டியிலேயே ஓடும், தமிழில் தட்டச்சும் செய்யலாம். ஒரு நிறுவனம் ஒரு தேதி குறித்ததாலேயே நல்லபடி ஓடும் இரும்பும் தாமிரமும் குப்பையாகிவிடாது. உண்மையிலேயே செத்துப்போனதைக்கூட, பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் சேர்க்க வேண்டும். காயலான் கடைத் தராசில் போடக் கூடாது.

இனி நம் பக்கம் வருகிறேன். இதைச் சொல்லாவிட்டால் இந்தப் பதிவு நேர்மையற்றது.

ஒரு வாரம் கழித்து அதே கடைக்குப் போய், நடந்ததைச் சொன்னேன். முதலாளி இல்லை. அந்தத் தம்பி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "சார், ஒரு மெஷினை அரை மணி நேரம் வச்சுப் பார்த்தா முதலாளி திட்டுவாரு. பார்த்துச் சரி பண்ணிட்டு இருநூறு ரூபா கேட்டா, 'பேட்டரிதானே மாத்தின, அதுக்கு இருநூறா?'னு கஸ்டமர் சண்டைக்கு வர்றாங்க. புதுசு வித்தாதான் சார் எங்களுக்குக் காசு."

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. டாக்டர் நாடியைப் பிடித்து, நாக்கை நீட்டச் சொல்லி, "ஒன்றுமில்லை, வெந்நீர் குடியுங்கள்" என்றால் முந்நூறு ரூபாயை மறுபேச்சில்லாமல் கொடுக்கிறோம். கம்ப்யூட்டர் பார்க்கிற பையன் அதே வேலையைச் செய்தால், "பார்க்கிறதுக்கெல்லாமா காசு?" என்கிறோம். கண்டுபிடிப்பதற்குக் கூலி கிடையாது, விற்பதற்குத்தான் கூலி என்று நாம்தான் விதி வைத்திருக்கிறோம். அப்புறம் அவர்கள் விற்கிறார்கள் என்று கோபப்படுகிறோம்.

ஆகவே நான் மூன்று கேட்கிறேன். கடைக்காரர்களே, 'பார்த்துச் சொல்லக் கட்டணம் இவ்வளவு' என்று பலகை வையுங்கள். வாங்கிக்கொண்டு, என்ன பார்த்தீர்கள், என்ன தெரிந்தது என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். வாடிக்கையாளர்களே, அந்தக் கட்டணத்தைப் பேரம் பேசாமல் கொடுங்கள். கழற்றிய பழைய டிஸ்க்கை மட்டும் எந்தக் கடையிலும் விட்டுவிட்டு வராதீர்கள். ஆசிரிய நண்பர்களே, உங்கள் பழைய கம்ப்யூட்டரில் இருக்கும் பிள்ளைகளின் சான்றிதழ்களை இந்த ஞாயிற்றுக்கிழமையே எடுத்துப் பாருங்கள்.

அன்று அந்தத் தம்பியிடம் இருநூறு ரூபாய் கொடுத்தேன். "நீங்கதானே சார் சரி பண்ணீங்க, எனக்கெதுக்கு?" என்று வாங்க மறுத்தார். அடுத்து வருகிற ஒரு பழைய மெஷினில் அந்தக் கறுப்புத் திரையைப் படித்துப் பார்ப்பதற்கான கட்டணம் என்று சொல்லி மேஜையில் வைத்துவிட்டு வந்தேன்.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள். மரியாதையாக எழுதுங்கள். சிவப்புப் பேனா இன்னும் சட்டைப் பையில்தான் இருக்கிறது.