கருணையும் கணக்கும்

மானைக் கொல்வதற்கு ஒரு சட்டம் உண்டு, அந்தச் சட்டத்திலே கருணையும் உண்டு என்றால் நேயர்கள் நகைக்கக்கூடும். சென்ற வாரம் நமது வகுப்பிலும் பிள்ளைகள் நகைக்கத்தான் செய்தார்கள். "கொல்லுவது என்று தீர்மானித்த பிறகு கருணை ஏது, ஸார்?" என்று ஒரு பையன் கேட்டான். நியாயமான கேள்வி. அதற்கு நாம் சொன்ன பதிலையே இங்கே எழுதுகிறோம்.

பிரிட்டிஷ் தீவில் ஓநாய்கள் அழிந்து பல காலம் ஆயிற்று. மான்கள் பெருகி இளமரங்களைத் தின்றுவிடுகின்றன. ஆகவே அவற்றை ஆண்டுதோறும் சுட்டுக் குறைக்கிறார்கள். முன்னாளில் கையில் கிடைத்த துப்பாக்கியால் சுட்டார்கள். குண்டு பட்டும் சாகாத மான் புதருக்குள் ஓடி, அணு அணுவாக மடியும். இக்கொடுமையைத் தடுக்கவே இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் 1963-இல் மான் சட்டம் பிறந்தது. இப்போது அமலில் இருப்பது 1991-ஆம் ஆண்டுச் சட்டம்.

அதன்படி, துப்பாக்கிக் குழலின் துளை 0.240 அங்குலத்துக்குக் குறையலாகாது. குழலை விட்டுப் புறப்படும் குண்டின் வலிமை 1,700 அடி-ராத்தலுக்குக் குறையலாகாது. ஒரு ராத்தல் எடையை ஓர் அடி உயரம் தூக்கும் சக்தியே அடி-ராத்தல் எனப்படும். இரண்டு சிறு மான் இனங்களுக்கு மட்டும் 2007 முதல் சிறிது தளர்வு உண்டு. ஸ்காட்லாந்துச் சட்டமோ துளையைப் பற்றிப் பேசுவதில்லை. குண்டின் எடை, வேகம், வலிமை இம்மூன்றையுமே அளக்கிறது.

மற்றொரு விதி நம்மைத் திடுக்கிடச் செய்வது. குண்டின் முனை மெத்தென்றோ உள்ளீடற்றோ இருக்கவேண்டும். பட்டவுடன் அது விரியவேண்டும். இவ்வகைக் குண்டுக்கு உலகமெங்கும் வழங்கும் பெயர் நம் நாட்டு ஊரின் பெயர். கல்கத்தாவுக்கு அருகிலுள்ள டம்டம் ஆயுதசாலையில் 1890-களில் பிரிட்டிஷார் அதைச் செய்தார்கள். 1899-இல் ஹேக் மகாநாடு, யுத்தத்தில் மனிதர்மீது அதனைப் பிரயோகிக்கலாகாது என்று பிரகடனம் செய்தது. அன்று எதிர்த்து நின்ற பிரிட்டன் 1907-இல்தான் இணங்கியது. மனிதனுக்கு விலக்கப்பட்டது மானுக்கு விதிக்கப்பட்டிருக்கிறது! காரணம் இதுதான்: போரில் எதிரியை வீழ்த்தினால் போதும், அவன் பிழைத்துக்கொள்ளலாம். மானுக்கோ மருத்துவச் சாலை இல்லை. உடனே உயிர் போவதே அதற்குச் செய்யும் உதவி.

இவ்வளவும் விதித்த சட்டம், எவ்வளவு தூரத்திலிருந்து சுடலாம் என்று மட்டும் சொல்லவில்லை. இங்கேதான் கணக்கு வருகிறது. '308' எனப்படும் துப்பாக்கியின் குண்டு ஏறக்குறைய 2,600 அடி-ராத்தல் வலிமையுடன் புறப்படுகிறது. 300 கஜம் செல்வதற்குள் அதில் மூன்றிலொரு பங்குக்கு மேலேயே காற்று விழுங்கிவிடும். வேகம் பாதியானால் வலிமை காலாகும் என்பது பௌதிகப் பாடம். 100 கஜத்துக்குக் குறி சரிசெய்த துப்பாக்கியின் குண்டு, 300 கஜத்தில் ஓர் அடிக்கு மேல் தாழ்ந்துவிடும். அதற்குள் மூன்றிலொரு விநாடி கழிந்துவிடும். மேயும் மான் ஓரடி எடுத்து வைக்க அது போதும். நெஞ்சுக்கு வைத்த குறி வயிற்றில் பாயும்.

அந்நாட்டில் வேட்டைக்காரருக்கு நடத்தும் பரீட்சை ஒன்றில், 100 மீட்டர் தூரத்தில் நான்கு அங்குல வட்டத்துக்குள் மூன்று குண்டுகளையும் செலுத்தவேண்டும். துப்பாக்கி எட்டும் தூரம் வேறு, அதைப் பிடித்த கை தவறாத தூரம் வேறு. முன்னதைப் பட்டியலில் காணலாம். பின்னதை அவனவன் மனச்சாட்சியே அறியும்.

"அப்படியானால், சந்தேகம் வந்ததும் சுடாமல் திரும்பி வருகிறவன்தான் நல்ல வேட்டைக்காரனா, ஸார்?" என்றான் அதே பையன்.

அன்று அவனுக்கு நாம் வீட்டுக் கணக்கு எதுவும் கொடுக்கவில்லை.