தாங்கிக்கொள்ளவா பள்ளிக்கூடம்?

பிள்ளைகளுக்கு மனவுறுதி வளர்க்க வகுப்பறையில் பயிற்சி கொடுக்க வேண்டும் என்கிறார்கள். கண்ணை மூடு, மூச்சை இழுத்து விடு, நல்லதையே நினை. சரி, கொடுக்கட்டும். நான் கேட்பது ஒன்றுதான்: எதைத் தாங்குவதற்கு இந்த உறுதி?

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் 12-ஆம் வகுப்பு தலித் மாணவனை, அதே பள்ளியில் படித்த சாதி இந்து மாணவர்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. 2024-இல் அவன் 600-க்கு 469 மதிப்பெண் வாங்கியபோது 'என்னா உறுதி' என்று ஊரே மெச்சியது. மெச்ச வேண்டியதுதான். ஆனா, வெட்டினவனுக்கு வகுப்பறை என்னத்தைக் கத்துக்கொடுத்துச்சு?

நம்ம பிள்ளைகளுக்குத் தாங்குவதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. கோயம்புத்தூரில் படிக்கும்போது, சாதி தெரிந்துவிடுமோ என்று மற்றப் பையன்களோடு சேராமல் ஒதுங்கியே இருந்ததை இரட்டைமலை சீனிவாசன் 1939-இல் தன் ஜீவிய சரித்திரத்தில் எழுதினார். சதாராவில் பிள்ளை அம்பேத்கர் வீட்டிலிருந்து கொண்டுபோன கோணிமேல் உட்கார்ந்து படித்தார். பியூன் ஊற்றினால்தான் தண்ணீர். இருவரும் தாங்கினார்கள். அதோடு நிற்காமல் எதிர்த்தார்கள்.

புனேயில் பூலே தம்பதியர் நடத்திய பள்ளியில் படித்த முக்தா சால்வே என்ற மாங் சாதிச் சிறுமி, மாங், மகர் மக்களின் துயரத்தைக் கட்டுரையாக எழுதினாள். 1855-இல் 'ஞானோதயா' பத்திரிகையில் அது அச்சேறியது. என்னைக் கேட்டால் இதுதான் வகுப்பறைப் பயிற்சி. அந்தப் பள்ளிக்கூடம் அவளை வாயை மூடச் சொல்லவில்லை, எழுத வைத்தது.

ஆசிரியத் தோழர்களே, பட்ட அவமானத்தைச் சொல்ல விரும்புகிற பிள்ளை எழுதட்டும், பேசட்டும். மொத்த வகுப்பும் கேக்கட்டும். உட்காரும் இடத்தை வாராவாரம் மாத்துங்க. கூட்டுறது, தண்ணி கொண்டாறது யார் முறைன்னு கரும்பலகையில் எழுதிப் போடுங்க. கக்கூஸ் கழுவ எந்தப் பிள்ளையையும் அனுப்பாதீங்க. தீண்டாமையை ஒழித்த அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவை எல்லாப் பிள்ளைகளும் வாய்விட்டுப் படித்து, நம்ம பள்ளியில் அது நடக்கிறதா என்று விவாதிக்கட்டும்.

நாங்குநேரிக்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அரசிடம் அறிக்கை கொடுத்தது. மாணவர்கள் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது. கயிறை அறுத்தால் மட்டும் போதாது. அதைக் கட்டிவிட்ட புத்தியோடு மல்லுக்கட்டுற வேலை வாத்தியார் வேலைதான். அதைச் செய்யாமல் அடிபடுகிற பிள்ளையிடம் மட்டும் 'உறுதியா இரு' என்று சொல்வது, இன்னொரு அடிக்கு அவனைத் தயார் செய்வதே.