களரும் வடிகாலும்

களர் படிந்த வயலில் நட்ட நாற்று மஞ்சளித்து நிற்கக் கண்டால், எரு போதவில்லையென்று கருதி மேன்மேலும் உரமிடுவது நிலமுடையோரிற் பலருக்கு வழக்கம். உரத்தின் விலை போயிற்றேயன்றிப் பயிர் தேறுவதில்லை. குற்றம் உரத்திலன்று, மண்ணும் நீரும் ஒன்றோடொன்று இணங்காமையில் உள்ளது.

உவர் வேறு, களர் வேறு. கோடையில் வெள்ளை பூக்கும் உவர் நிலத்தில் ஈரமிருந்தும் வேர் அதனைப் பருகமாட்டாது. கரைந்துள்ள உப்பு நீரை விடாது. நல்ல நீரைத் தேக்கி வடித்தால் இது பெரும்பாலும் நீங்கும். களரோ அத்தகையதன்று. மண் பற்றியுள்ள சுண்ணச்சத்து முதலியவற்றின் இடத்தில் சோடியம் ஏறி நூற்றுக்கு 15 பங்கைக் கடக்கும்போது, களித்துகள்கள் பிரிந்து மண்ணின் கண்களை அடைத்துவிடுகின்றன. நீர் உள்ளிறங்காது கலங்கி நிற்கும்; காய்ந்தாற் கல்லாகும்; வேருக்குக் காற்றில்லை. காரநிலை 8.5-க்கு மேல் ஏறுவதால் துத்தநாகமும் இரும்பும் மண்ணில் இருந்தும் பயிருக்கு எட்டுவதில்லை.

ஒரு பிடி மண்ணைக் கண்ணாடிக் குவளையில் மழைநீர் விட்டுக் கலக்கி ஓரிரவு வைத்தால் உவர்மண் தெளிந்துவிடும். களர்மண் மறுநாளும் கலங்கியே நிற்கும். இது குறிப்பேயன்றி முடிவன்று. இடவேண்டிய ஜிப்சத்தின் அளவை மண் பரிசோதனை நிலையமே சொல்லவேண்டும். அண்டை வயலைப் பார்த்து இடுவது, பிறர் மருந்துச் சீட்டுக்கு மருந்துண்பதை ஒக்கும். கிணற்று நீரையும் உடன் அனுப்புதல் நலம். சோடாச்சத்து மிகுந்த நீர் நல்ல நிலத்தையும் சில ஆண்டுகளிற் களராக்கும்.

ஜிப்சத்திலுள்ள கால்சியம் சோடியத்தைப் பெயர்த்து நீரிற் கரையச் செய்கிறது. அதன் வேலை அவ்வளவே. பெயர்ந்தது வயலைவிட்டு வெளியேறவேண்டும். இங்கேதான் பெரும்பாலோர் தவறுகின்றனர். நிலத்தைச் சமன்செய்து, பாத்தி கட்டி, ஜிப்சமிட்டு, நீர் தேக்கிக் கலக்கியபின், வடிக்க வழியில்லாமல் அந்நீரை வெயிலிற் சுண்டவிடுகின்றனர். களர் பாதி நீங்கி உவர் வந்து சேருகிறது. வடிகால் வெட்டாதவர் ஜிப்சம் வாங்காதிருப்பதே மேல்.

பாசன வாய்க்காலில் தண்ணீர் வராவிடில் மறுநாளே முறையீடு எழுகிறது. வடிகாலைப்பற்றியோ வெள்ளம் நிற்கும்வரை ஒருவரும் வாய் திறப்பதில்லை. அதற்குள் கீழ்வயலார் ஒருவர் வடிகாலைத் தூர்த்து நான்கு வரிசை நாற்று அதிகமாக நட்டிருப்பார். மேலுள்ள வயல்களெல்லாம் களரேறும். மேல்வயலின் கெட்ட நீர் தம் வயலிற் பாயுமே என்று அவர் அஞ்சுவதிலும் நியாயமுண்டு. ஆதலால் வடிகால் ஒருவர் வயலிலிருந்து மற்றொருவர் வயலுக்கு அன்று, ஊர்ப் பொதுக்காலாக ஓடைவரை செல்லவேண்டும். கிராமப் படத்தில் புறம்போக்காகக் குறித்துள்ள வடிகால்களைக் கிராம அதிகாரிகள் அறுவடை முடிந்ததும் அளந்து, ஆக்கிரமிப்பை நீக்கி, கோடை மழைக்கு முன் தூர் வாரச் செய்யலாம். அது தனி ஒருவரால் ஆகும் காரியமன்று.

நீர் வடிந்த நிலத்தில் தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதபின் நெல் நடலாம். திருச்சி 1, திருச்சி 3 என்னும் வகைகள் களரைத் தாங்குவன. முதற் போகத்தில் நாற்று சற்று முதிர்ந்ததாகவும், குத்துக்கு ஒன்றிரண்டு கூடுதலாகவும் இருத்தல் வேண்டும். இளநாற்று அங்கே பிழைப்பது அரிது.