வயிற்றில் அடிக்கும் வீடு!

எண்ணிக்கை காட்டுகிறார்கள் நமக்கு. இத்தனை ஆயிரம் வீடுகள், இத்தனை மாடிகள், இத்தனை கோடி ரூபாய்! கணக்கிலே குறையில்லை. குடியிருக்கப் போகிறவனைக் கேட்டார்களா என்பதுதான் நம் கேள்வி.

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, சென்னையின் ஆற்றங்கரைக் குடும்பங்கள் பல பெரும்பாக்கத்து எட்டடுக்குக் கட்டடங்களுக்குக் கொண்டுபோகப்பட்டன. மீண்டும் குடிசைக்கே அனுப்பு என்பதல்ல நம் வாதம். வெள்ளம் புகாத வீடு வேண்டும், மறுப்பாரில்லை. ஆனால் கொண்டுபோய் விட்ட இடமோ பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரம்! நகரின் நடுவிலிருந்து 20 கிலோமீட்டருக்கு மேல்! விடியுமுன் கோயம்பேட்டில் மூட்டை இறக்குபவன் எந்தப் பேருந்தை நம்புவது? நாலு வீட்டில் பாத்திரம் துலக்கும் தாய், பிள்ளையை யாரிடம் விட்டுச் செல்வது? லிப்ட் நின்றால் ஏழாம் மாடிக் கிழவி மருத்துவமனைக்குப் போவது எப்படி?

வேறு வழியில்லை என்பார்கள். உண்டு! தென் அமெரிக்காவில், சிலி நாட்டின் துறைமுக நகரம் இக்கிக்கே. அதன் நடுவே, அரை ஹெக்டேர் நிலத்தில், 30 ஆண்டுகளாகக் குடிசையிட்டு வாழ்ந்தன ஏறத்தாழ 100 குடும்பங்கள். குடும்பத்துக்கு அரசு தந்தது 7,500 டாலர். நிலம், வடிகால், வீடு எல்லாம் அதற்குள். அடுக்குமாடி என்றதும், உண்ணாவிரதம் இருப்போம் என்றனர் மக்கள். கட்டடக் கலைஞர் அலெஹாந்த்ரோ அரவேனாவின் குழு அவர்களோடு உட்கார்ந்து பேசியது. வழி பிறந்தது: மட்டமான முழு வீடு வேண்டாம், நல்ல வீட்டில் பாதி போதும்! ஏழையால் தனியே செய்ய முடியாத சுவர், படிக்கட்டு, சமையலறை, குளியலறை ஆகியவை அரசுப் பணத்தில் எழுந்தன. பக்கத்திலே இடம் விடப்பட்டது. 2004-இல் குடியேறிய குடும்பங்கள், மறுபாதியைத் தம் கைக்கு எட்டியபோது எட்டியபடி கட்டிக்கொண்டன. பிழைப்புத் தரும் நகரை விட்டு அவர்கள் விரட்டப்படவில்லை.

அந்த வீட்டை அப்படியே இங்கே பெயர்த்து வைக்கச் சொல்லவில்லை நாம். அந்த முறையைக் கேட்கிறோம். வரைபடம் போடுமுன் வாழப்போகிறவனைக் கேட்கவேண்டும். வேலைக்கு அருகே நிலம் தேடவேண்டும். நீர் தேங்கும் நிலத்தை விட்டுவிடவேண்டும். காற்றும் நிழலும் வரும்படி கட்டவேண்டும். இக்கோரிக்கையை வட்டந்தோறும் கொண்டுசெல்வது தோழர்களின் கடமை.

தலைக்குக் கூரை தந்து வயிற்றில் அடிப்பதற்குப் பெயர் வீட்டு வசதியல்ல!