மின்சாரம் உண்டு; அனுமதி இல்லை!



"சார்ஜர் போய்விட்டது; புதிது வாங்குங்கள்." நான்கே சொற்கள். விசாரணை கிடையாது, சாட்சி கிடையாது, மேல்முறையீடும் கிடையாது. தண்டனை மட்டும் உடனே நிறைவேறுகிறது. தண்டனைக்கு உள்ளாவது சார்ஜர் அன்று. அதை எடுத்து வந்தவரின் சட்டைப்பை! கல்லூரியில் பயிலும் மகளுக்கென்று சீட்டுப் பணம் எடுத்துப் பழைய மடிக்கணினி ஒன்றை வாங்கித் தந்த தந்தை, மூன்றாம் மாதமே மறுபடியும் ஆயிரம், இரண்டாயிரம் என்று எண்ணி வைக்கிறார். எண்ணி வைத்த பின்னும் கணினி கண் திறக்கவில்லையெனில், "அப்படியானால் போர்டு போய்விட்டது" என்று அடுத்த தீர்ப்பு வந்து சேர்கிறது.

மின்னேற்றி என்று புலவர்கள் பெயர் சூட்டினாலும் கடைத்தெரு அதனைச் சார்ஜர் என்றே அழைக்கிறது. நாமும் அப்படியே அழைப்போம். சண்டை பெயரைப் பற்றியது அன்று.

பெரிய அலுவலகங்கள் சில ஆண்டுகள் பயன்படுத்திக் கழித்துவிட்ட கணினிகள், மொத்தமாக விலை பேசப்பட்டு, சென்னை ரிச்சி தெரு போன்ற அங்காடிகளுக்கு வருகின்றன. கணினி ஓரிடத்திலிருந்து வருகிறது, சார்ஜர் வேறிடத்திலிருந்து வருகிறது. விற்பனை மேசையின் மீதுதான் இரண்டும் முதன்முதலாகச் சந்திக்கின்றன! மணமக்களுக்குப் பொருத்தம் பார்க்கலாம், பார்க்காமலும் விடலாம். இவற்றுக்கு வோல்ட் பொருத்தம் பார்த்தே தீர வேண்டும். கணினி கேட்கும் வோல்ட்டும் சார்ஜரில் அச்சிட்ட வோல்ட்டும் ஒத்திருக்க வேண்டும். ஆம்பியர் கூடுதலாக இருக்கலாம், குறைவாக இருத்தல் ஆகாது.

பொருத்தம் சரியாக இருந்தும் மின்சாரம் ஏறவில்லை என்றால், குற்றவாளி யார்? சுவரிலுள்ள சாக்கெட், அதிலிருந்து சார்ஜர்ப் பெட்டிக்குச் செல்லும் தடித்த ஒயர், பெட்டி, பெட்டியிலிருந்து கணினிக்குச் செல்லும் மெல்லிய ஒயர், அதன் முனை, கணினியின் துளை, உள்ளிருக்கும் போர்டு, பேட்டரி என்று ஐயத்துக்கு உரியோர் எண்மர். சிறைக்கு அனுப்பப்படுவதோ எப்போதும் பெட்டி ஒன்றே!

சாக்கெட்டையும் தடித்த ஒயரையும் மாற்றிப் பார்ப்பதற்குக் காசு செலவில்லை. பெட்டியில் விளக்கு இருக்குமாயின் அதுவும் ஒரு சாட்சி. கணினியில் செருகாதபோது எரிந்து, செருகிய கணமே அணைகிறதா? கணினிக்குள் எங்கேனும் ஷார்ட் இருக்கலாம். அல்லது பெட்டியே சுமை தாங்க மாட்டாமல் தளர்ந்திருக்கலாம். அதே வகை நல்ல சார்ஜர் ஒன்றை இரவல் வாங்கிச் செருகினால் இவ்விரண்டில் எது என்பது வெளிப்பட்டுவிடும். முனைக்கருகே ஒயரை மெல்ல வளைக்கும்போது மின்சாரம் வந்து வந்து போகுமாயின், சுருட்டிச் சுருட்டி வைத்த இடத்தில் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது என்று பொருள். முனையை வெட்டிவிட்டுப் புதிய முனையைப் பற்றவைத்துத் தரும் தொழிலாளிக்கு உரிய கூலி கொடுத்தால் போதும். புதுச் சார்ஜரின் விலை மிச்சம்.

மல்டிமீட்டர் கையிலிருந்தால் இன்னும் தெளிவு. நேர்மின்னோட்டத்தில் 200 வோல்ட் என்னும் அளவில் அதனை வைத்து, உருளை முனையின் உட்புறத்தையும் வெளிப்புறத்தையும் தொட்டுப் பார்க்கவேண்டும். அச்சிட்டது 19.5 வோல்ட் எனில் அதனை ஒட்டிய அளவு காட்ட வேண்டும். காட்டினாலும் பாதி வழக்குத்தான் முடிந்தது. வெறுங்கையோடு நிமிர்ந்து நிற்பவர் தலையில் மூட்டை ஏறியதும் மடங்குவதுண்டு. பேட்டரி கழற்றக்கூடியதாயின் கழற்றிவிட்டு, சார்ஜரை மட்டும் கொண்டு கணினியை இயக்கிப் பார்க்கலாம். இயங்கினால், ஐயம் பேட்டரியின் பக்கம் திரும்ப வேண்டும். முன்பு வைத்திருந்தவர் 80 விழுக்காட்டோடு நிற்குமாறு அமைத்துவிட்டுப் போயிருந்தாலும், புதிதாக வாங்கியவர் சார்ஜரையே பழிப்பார்.

ஒன்று மட்டும் வேண்டாம். பெட்டியை உடைத்துத் திறக்காதீர்கள். 230 வோல்ட் மின்சாரம் உள்ளே சென்றதும் 325 வோல்ட் அளவுக்கு ஒரு மின்தேக்கியில் சேர்ந்து நிற்கிறது. ஒயரைப் பிடுங்கிய பிறகும் அது சிறிது நேரம் அங்கேயே காத்திருக்கும்; தொட்ட கையை அது மன்னிப்பதில்லை.

இவ்வளவும் பழுதின் கதை. பழுதே இல்லாத சார்ஜர் மறுக்கப்படும் கதை ஒன்று உண்டு; அதைச் சொல்லவே இவ்வளவும் எழுதினேன்.

டெல் நிறுவனத்தின் பல மடிக்கணினிகளுக்கு உரிய உருளை முனையின் நடுவே மெல்லிய ஊசி ஒன்று இருக்கும். அது கணினியை இயக்கும் மின்சாரத்தைச் சுமப்பதில்லை. சார்ஜருக்குள் இருக்கும் சிறு சில்லு, "நான் இன்ன வகை, இத்தனை வாட்" என்று கணினிக்கு எடுத்துரைக்கும் பாதை அது. ஊசி வளைந்தாலோ, அதற்குச் செல்லும் நூலிழைக் கம்பி அறுந்தாலோ, 19.5 வோல்ட்டும் குறைவின்றி வாசலில் வந்து நின்றாலும், வகை தெரியாத சார்ஜர் என்று கணினி திரையில் அறிவித்துவிடும். பேட்டரியை நிரப்பாது, தன் வேகத்தையும் குறைத்துக்கொள்ளும். தானியம் வண்டி நிறைய வந்திருக்கிறது. வண்டிக்காரனிடம் அடையாளச் சீட்டு இல்லை, ஆகவே ஊர் பட்டினி கிடக்கட்டும் என்பது போன்ற நியாயம் இது! லெனோவோவின் செவ்வக முனையிலும் நடு ஊசி உண்டு. அங்கே சில்லுக்குப் பதில் ஒரு மின்தடையின் அளவே அடையாளம். வீட்டுக்கு வீடு சீட்டு. சீட்டுக்குச் சீட்டு வேறு முத்திரை.

"பாதுகாப்புக்காகவே இந்த ஏற்பாடு" என்பார்கள். அந்த வாதத்தை எள்ளி ஒதுக்க நான் தயாரில்லை. 90 வாட் கேட்கும் கணினிக்கு 65 வாட் சார்ஜரை மாட்டினால் சார்ஜர் சூடேறித் தளரும்; எத்தனை வாட் என்று கேட்டறிவது அறிவுடைமையே. ஆனால் கேட்கும் மொழி ஏன் கம்பெனிக்குக் கம்பெனி வேறாக, பிறருக்கு மறைவாக இருக்க வேண்டும்? யூ.எஸ்.பி. டைப்-சி முறையிலும் சார்ஜரும் கணினியும் பேசிக்கொண்ட பிறகே 5 வோல்ட் 20 வோல்ட்டாக உயர்கிறது. 2021-இல் வந்த விதிப்படி 240 வாட் வரையிலும் செல்லலாம். அங்கும் அடையாளம் கேட்கப்படுகிறது. ஆயினும் விதிநூல் யாவரும் படிக்குமாறு வெளியிடப்பட்டிருக்கிறது, எந்த நிறுவனமும் அதன்படி சார்ஜர் செய்யலாம். பாதுகாப்பைப் பொதுமொழியிலும் பேச முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் சட்டம் இயற்றி, கைப்பேசி முதலியவற்றுக்கு 2024 டிசம்பர் 28 என்றும், மடிக்கணினிக்கு 2026 ஏப்ரல் 28 என்றும் நாள் குறித்தது. கெஞ்சிப் பெற்றதன்று, சட்டத்தால் பெற்றது. டில்லியிலோ, 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தார்கள்; டிசம்பர் 24-இல் ஓர் இணையதளம் திறந்தார்கள். திறந்தது நன்றே. ஆனால் இணையதளம் என்பது சட்டம் அன்று. விரும்பிய நிறுவனம் விரும்பிய அளவு விவரம் தரும் அறிவிப்புப் பலகை அது. அதுவும், புதிதாக வரும் கணினிக்கு எந்தச் சட்டம் வந்தாலும், ரிச்சி தெருவில் இன்று விலை பேசப்படும் பழைய கணினியின் உருளைத் துளை ஒரே இரவில் மாறிவிடப் போவதில்லை. அந்தக் கணினிகளின் அடையாள முறையையும் பழுதுபார்ப்புக் குறிப்பையும் வெளியிடுமாறு ஆணையிடுவதே ஏழை மாணவருக்குப் பயன் தரும் சட்டம். உலகில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு குவிந்தது என்கிறது ஐக்கிய நாடுகள் அமைப்பின் கணக்கு. ஊசி வளைந்ததற்காகப் பெட்டியையே எறிவோர் அக்குவியலின் உயரத்தைக் கூட்டுகிறார்கள். எறியச் சொன்னவரோ புதுப் பெட்டியையும் விற்கிறார்!

கடைக்காரர் மீது சினம் கொள்வதில் பயனில்லை, தோழர்களே. அவருக்கும் வரைபடம் தரப்படவில்லை. அவரும் தடவித் தடவித்தான் தொழில் கற்றார். நம்மால் இயன்றது ஒன்று உண்டு. சில நூறு ரூபாயில் ஒரு மல்டிமீட்டர் வாங்கிப் படிப்பகத்தில் வையுங்கள். மின் தொழில் அறிந்த தோழர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே அமரட்டும். நடு ஊசியுள்ள முனையை அளக்கும்போது மீட்டரின் கூர் ஊசியையும் சேர்த்துத் தொட்டுவிடாதபடி பார்த்துக்கொள்ளட்டும். தொட்டால் நல்ல சில்லும் கெடக்கூடும். அச்சிட்ட வோல்ட் எத்தனை, அளந்தது எத்தனை, ஊசி நேராக இருந்ததா, இரவல் சார்ஜரில் நடந்தது என்ன என்பவற்றைத் துண்டுத்தாளில் எழுதி, அந்தத் தாளோடு அந்த மாணவியைக் கடைக்கு அனுப்புங்கள்.