"கடவுள் சித்தம்"னு வார்டுல வந்து சொல்லாதீங்க

1/ கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா படிங்க. நான் ஏனாத்தூர்ல ஓபி பார்க்கிற டாக்டர். குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய்னு தெரிஞ்ச அன்னைக்கே அந்த அம்மாவுக்கு மூணு ஆறுதல் வந்து சேர்ந்துடும். "யார் செஞ்ச பாவமோ", "கர்த்தர் சோதிக்கிறார்", "எல்லாம் நன்மைக்கே". சொல்றவங்க நல்ல மனசோடதான் சொல்றாங்க. ஆனா கிறிஸ்தவ நம்பிக்கைக்கு உள்ளே நின்னு பார்த்தாலும் மூணுமே தப்பு.

2/ 2004 டிசம்பர் 26. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. சுனாமியில வேளாங்கண்ணி கடற்கரையில நூற்றுக்கணக்கான யாத்ரீகர்கள் செத்தாங்க. ஆலயத்துக்குள்ள தண்ணி வரலை, அது அற்புதம்னு இன்னிக்கும் பேசுறோம். கட்டடத்தைக் காப்பாத்தின கை, அதே மாதாவைப் பார்க்க வந்த குழந்தையை ஏன் விட்டுச்சு? பிள்ளையைப் பறிகொடுத்தவங்க காதுல அந்த "அற்புதம்" எப்படி விழும்னு யோசிச்சீங்களா?

3/ முதல் ஆறுதல், பாவத்துக்குத் தண்டனை. 1934 ஜனவரியில பீகார் நிலநடுக்கம். தீண்டாமைப் பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனைன்னு காந்தி திருநெல்வேலியில பேசினார். காந்தி மேல அவ்வளவு மரியாதை வெச்சிருந்த தாகூரே அதை வெளிப்படையா மறுத்தார். பைபிள்லயும் இதே கேள்வி வருது. பிறவியிலேயே பார்வை இல்லாதவனைக் காட்டி, இவன் பாவமா, பெத்தவங்க பாவமான்னு சீடர்கள் கேட்கிறாங்க. ரெண்டும் இல்லைங்கிறார் இயேசு. இதுக்கு மேல என்ன வேணும்? (பூர்வ ஜென்ம கர்மான்னு சொல்ற நம்ம காஞ்சிபுரத்து ஆளுங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்.)

4/ "மனுஷனுக்குச் சுதந்திரம் கொடுத்தார், அதனாலதான் தீமை" என்பது பழைய பதில். கொலைக்கும் போருக்கும் அது ஓரளவு பொருந்தும். சுமத்ரா பக்கம் கடலடித் தட்டு நழுவினதுக்கும், மூணு வயசுக் குழந்தையோட எலும்பு மஜ்ஜைக்கும் யாரோட சுதந்திரம் காரணம்?

5/ "எல்லாம் நன்மைக்கே"ங்கிறதுல ஒரு பாதி உண்மை இருக்கு. கொல்லிமலையில பிறந்த டாக்டர் பால் பிராண்ட், வேலூர் சிஎம்சியில தொழுநோயாளிகளுக்குக் கை அறுவை சிகிச்சை செஞ்சவர். உணர்ச்சி மரத்துப் போறதாலதான் அவங்க விரல் சேதமாகுது, அதனால வலி ஒரு வரம்னு எழுதினார். சரிதான். சூடான பாத்திரத்துல இருந்து கையை எடுக்க வைக்கிற வலி வரம்தான். ஆனா கடைசிக் கட்டத்துல எலும்புக்குப் பரவின புற்றுநோயோட வலி எதை எச்சரிக்குது? அங்க தேவை மார்ஃபின், விளக்கம் இல்லை.

6/ 1950-கள்ல ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைங்க பெரும்பாலும் பிழைக்கலை. இன்னிக்கு, குழந்தைகளுக்கு அதிகமா வர்ற ஏஎல்எல் வகையில, நல்ல மையங்கள்ல பத்துக்கு எட்டுக்கு மேல பிழைக்குது. கடவுள் சித்தமா மாறிச்சு? மாறினது மருந்து. மருந்தைத் தந்ததும் அவர்தான்னு சொல்வீங்க. சரி, அப்போ 1950-ல செத்த குழந்தையோட அம்மாவுக்கு என்ன சொல்லப்போறீங்க?

7/ "யோபுவைக் கடவுள் சோதிக்கலையா டாக்டர்?"னு கேட்பீங்க. சோதனைன்னு படிக்கிற நமக்குத் தெரியும். யோபுகிட்ட கடைசி வரைக்கும் கடவுளே அதைச் சொல்லலை. அப்புறம் உங்ககிட்ட யார் சொன்னது? நீ பாவம் செஞ்சிருப்பேன்னு வாதாடின நண்பர்கள் மேலதான் முடிவுல கடவுளுக்குக் கோபம். அவங்க செஞ்ச ஒரே நல்ல காரியம், முதல் ஏழு நாள் வாயைத் திறக்காம கூட உட்கார்ந்தது.

8/ ஐடா ஸ்கடர் திண்டிவனத்துல இருந்தப்போ, ஒரே ராத்திரி மூணு பெண்கள் பிரசவத்துல செத்தாங்க. ஆண் டாக்டர் பார்க்கக் கூடாதுன்னு வீட்டார் மறுத்துட்டாங்க. இளம்பெண்ணான ஐடா அதுக்கு இறையியல் விளக்கம் தேடிக்கிட்டு நிக்கலை. அமெரிக்கா போய் டாக்டராகி, 1900-ல வேலூர்ல ஒரே கட்டிலோட வேலையைத் தொடங்கினாங்க. சிஎம்சி அப்படி வந்தது. கிறிஸ்தவத்துல எனக்குப் பிடிச்ச பதில் இதுதான்.

9/ ஜெபம் பண்ணாதீங்கன்னு நான் சொல்லலை. தண்டனை, சோதனைன்னு நம்பவெச்சு சிகிச்சையைத் தள்ளிப்போட வைக்காதீங்க. காரப்பேட்டையில அண்ணா பேர்ல அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கு. கூட்டிட்டுப் போங்க, சாப்பாடு கொடுத்துவிடுங்க, ஒரு ராத்திரி முழிச்சிருந்து அந்த அம்மாவைத் தூங்க விடுங்க. ஏன் இப்படி நடந்துச்சுன்னு அவங்க கேட்டா, "எனக்கும் தெரியலைம்மா"ன்னு சொல்லுங்க.